கடை பேரைச் சொல்லுங்கண்ணே!

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களில் இரண்டே வகைதான். பார்ட்ஸ் எங்கே வாங்கினோம் என்று சொல்பவர்கள், சொல்லாதவர்கள். எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் இரண்டாவது வகை. என் சின்ன மாமா உட்பட.

"அண்ணே, இந்த வாட்டர் பம்ப் எங்கண்ணே பிடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு ஃப்ரெண்டு மூலமா வந்துச்சு தம்பி" என்பார்கள். எந்த ஃப்ரெண்டு, எந்த ஊர், எவ்வளவு விலை, ஒன்றும் வராது. நாட்டு வைத்தியர் மருந்து ரகசியம் தோற்றுவிடும். இதே ஆட்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்து "நம்பி வாங்க ஒரு கடை இல்லப்பா" என்று புலம்புவார்கள்.

ரொம்ப நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு அரிப்பு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பகமான கடைகள் தானாக அழியவில்லை. பேரை மறைத்தும், பில் கேட்காமலும், அநியாயத்துக்கு பேரம் பேசியும் நாம்தான் அவற்றை மூட வைக்கிறோம்.

நான் படிப்பது பி.காம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, பில் படிக்கத் தெரியும். இந்த விவகாரத்தில் இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் தாழ்மையான (அவ்வளவு தாழ்மையும் இல்லை) கருத்து.

எழுமலையில் என்னடா பிரிட்டிஷ் கார் என்று கிளாஸ்மேட்டுகள் சிரிக்க வேண்டாம். பிரிட்டிஷ் கார் என்றதும் ரோல்ஸ் ராய்ஸும் ஜாகுவாரும் ஞாபகம் வந்தால் அது சினிமா செய்த வேலை. நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து நின்ற அம்பாசிடர் யாராம்? பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது. 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும் வரை உருவம் பெரிதாக மாறவே இல்லை. அந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினின் வம்சம்தான் பிரிட்டனில் எம்.ஜி.ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. நம்ம டாக்சிக்கு சீமையில் ஒரு பந்தயக்கார ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. வரைந்து கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி இதை சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கும், சின்னப் பையன்கள் ஓடி வந்து பார்ப்பார்கள். மாமாவிடம் இருப்பது 1969 மாடல், நாலு கதவு. இந்த நாலு கதவு சமாச்சாரம் இந்தியாவில் மட்டும் செய்தது, பிரிட்டனில் கிடையவே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டு காரும் சீமையிலிருந்து வந்தவைதான். ஆனால் பார்ட்ஸ் கதை இரண்டுக்கும் வேறு.

அம்பாசிடர் பிழைத்தது டாக்சியாலும் அரசாங்கத்தாலும். அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரே மாதிரி வண்டி ஊர் ஊராக ஓடினால், அதற்கு பம்ப் செய்கிறவன், புஷ் செய்கிறவன், ரேடியேட்டர் ஓஸ் செய்கிறவன் என்று ஒரு கூட்டமே உருவாகும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களே இந்தியாவிலிருந்து பார்ட்ஸ் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். 2014க்குப் பிறகு அந்தக் கூட்டமும் மெதுவாகக் கலைகிறது. ஸ்பேர்ஸ் கடைகளில் அம்பாசிடர் அலமாரி சுருங்குவதை யாரும் கண்ணால் பார்க்கலாம்.

ஹெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை ஆரம்பத்திலிருந்தே இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு போய் கெஸல் வந்தது, 1977இல் அதுவும் நின்றது. 1985இல் ரோவர் எஸ்.டி 1 காரின் உடம்பில் பழைய இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு முயற்சி செய்தார்கள். அதுவும் சில வருடங்களில் படுத்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த, ரொம்ப எரிச்சலான சம்பவம். தொழிற்சாலையின் சொத்துகள் 2006இல் ஏலத்துக்கு வந்தன. ஸ்டாண்டர்டு 2000க்காகச் செய்து, மாட்டப்படாமல் புத்தம் புதிதாகக் கிடந்த ரோவர் பாகங்களை யார் வாங்கினார்கள் தெரியுமா? பிரிட்டனில் லிங்கன் நகரத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் ரிம்மர் பிரதர்ஸ். கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டலூரில் நம்ம ஆள் செய்த சாமானை, வண்டலூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவர ஒரு ஆள் இல்லை. லிங்கனுக்குக் கொண்டுபோக ஆள் இருந்தது. அவர்கள் புத்திசாலி, நாம் முட்டாள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களிடம் வாங்குபவர்களின் பட்டியல் இருந்தது. எந்தக் காருக்கு எத்தனை பேர், என்ன விலை கொடுப்பார்கள் என்று தெரிந்த வியாபாரிதான் ஒரு கோடவுன் சரக்கை மொத்தமாக வாங்கத் துணிவான். நம்மூர் வியாபாரிக்கு எதை நம்பித் துணிவது? "ஒரு ஃப்ரெண்டு மூலமா" ஆசாமிகளை நம்பியா?

இத்தனைக்கும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஏழை இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொழிலைத் தொடங்கியது நம்ம மதுரையில்தான். பிரிட்டனின் லூகாஸோடு சேர்ந்து 1961இல் லூகாஸ் டி.வி.எஸ், கர்லிங்கோடு சேர்ந்து 1962இல் பிரேக்ஸ் இந்தியா, இரண்டும் சென்னை பாடியில். சிம்ப்சன் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் அதற்கும் முன்னால், 1949. பிரிட்டிஷ் கார்களுக்கு டைனமோவும் பிரேக்கும் பிஸ்டனும் செய்யத் தெரிந்த கைகள் நம் பக்கத்திலேயே இருந்தன. ஆர்டர் எங்கே போகிறதோ கம்பெனி அங்கே போகும். 1969 ஹெரால்டுக்காக யாரும் மெஷினை நிறுத்திவைக்க மாட்டார்கள். அது நியாயமும்கூட.

ஆக இன்றைக்கு மிச்சம் இருப்பது என்ன? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, அங்கங்கே காயலான் கடைகள், சில லேத் பட்டறைகள், வெளிநாட்டு ஆர்டர். இதில் எங்கே போனாலும் முதலில் காதில் விழும் வார்த்தை "ஒரிஜினல்".

இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். செத்த காரிலிருந்து கழற்றியதும் ஒரிஜினல். கம்பெனி பெட்டியில் இருப்பதும் ஒரிஜினல். கம்பெனிப் பெட்டி மட்டும் இருந்து உள்ளே வேறு சாமான் இருந்தாலும் ஒரிஜினல். பார்க்க அதே மாதிரி இருந்தால் அதுவும் ஒரிஜினல். கடைசியாக, "நான் சொல்றேன்ல, எடுத்துட்டுப் போங்கண்ணே" ஒரிஜினல். இதில் கடைக்காரர் எந்த ஒரிஜினலைச் சொல்கிறார் என்று கேட்கக் கூச்சப்பட்டால் கதை முடிந்தது.

அதே மாதிரி "லோக்கல்" என்றாலே முகம் சுளிப்பதும் தப்பு. பித்தளை புஷ், ஷாஃப்ட், பிராக்கெட் மாதிரி சாமான்களுக்கு அளவு தெரிந்த லேத்காரர் கிடைத்தால் அவரைப் போல ஒரு சப்ளையர் கிடையாது. பழைய சாமானைக் கையில் கொடுத்து "இதே மாதிரி போட்டுக் கொடுங்க" என்பதில் மட்டும் ஒரு ஆபத்து இருக்கிறது. அது ஏற்கனவே தேய்ந்த சாமான். தேய்ந்த அளவையே அச்சாகக் கடைந்து கொடுத்துவிடுவார், அவர் மேல் தப்பில்லை. புத்தகத்து அளவைக் கொடுக்க வேண்டும், அதுவும் இன்ச்சில். இந்த வண்டிகள் பிறந்தது இன்ச் உலகத்தில். மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றிவிட்டு "உக்காந்துருச்சுண்ணே" என்று சொல்கிற மெக்கானிக்கைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இப்போது ஒரு சொந்தக் கதை. கடையின் பேரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. (பேரைச் சொல்லு என்று தலைப்பு வைத்துவிட்டு நீ ஒளிக்கலாமா என்று கேட்பீர்கள். நல்ல கடையின் பேரை ஊரறியச் சொல்லலாம். கெட்ட கடையின் பேரைச் சொல்ல பில் வேண்டும். மாமாவிடம் பில் இல்லை. மொத்தப் பிரச்சினையும் அதுதானே!)

மாமா ஹெரால்டுக்கு வீல் சிலிண்டர் ரப்பர் கிட் தேடி அலைந்தார். வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு கடையில் பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. "கம்பெனி ஸ்டாக்குண்ணே, முப்பது வருசத்துக்கு முன்னாடி வந்தது, இப்ப காசு கொடுத்தாலும் வராது." மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேசி, பில் வேண்டாம் என்று சொல்லி, விலையைக் குறைத்து வாங்கிவந்தார். மாட்டி இரண்டு மாதம் ஆகவில்லை. தேனியிலிருந்து திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் பிரேக் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. வண்டிக்குள் மாமா, அத்தை, அத்தையின் அம்மா, நான். முன்னால் வைக்கோல் லாரி. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கழற்றிப் பார்த்தால் ரப்பரின் உதடு வெடித்து, நகத்தால் கீறினால் உதிர்கிறது. அது டூப்ளிகேட்டாக இல்லாமல் நிஜமாகவே கம்பெனி ஸ்டாக்காக இருந்திருக்கலாம், முப்பது வருடம் கிடந்தது என்பது உண்மையாகவும் இருந்திருக்கலாம். சிக்கலே அங்கேதான். கண்ணாடியும் பித்தளையும் இரும்பும் எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி முப்பது வருடம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. பழைய ஸ்டாக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் அப்படி இல்லை, பெட்டிக்குள் இருந்தபடியே கிழடாகும். பிரேக் கப், ஆயில் சீல், ஓஸ், பெல்ட் இதெல்லாம் புதிதாக வார்த்ததாக இருக்க வேண்டும். பழைய பெட்டி என்று பெருமையோடு ஒரு கடை பிரேக் ரப்பர் விற்றால், அந்தக் கடைக்குச் சாமான் தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறது. இரண்டில் எதுவானாலும் நமக்கு வேண்டாம்.

மாமா திரும்பப் போய்க் கேட்டார். "பில் இருக்காண்ணே?" என்று ஒரே கேள்வி. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் பிசினஸ் லா புத்தகத்தைத் திறக்கிறேன், ஓடிவிடாதீர்கள். 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தை நாங்கள் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்தோம். பொது விதி "வாங்குபவனே உஷாராயிரு" என்பதுதான். ஆனால் விதிவிலக்குகளில்தான் விஷயமே இருக்கிறது. பிரிவு 16 சொல்வது இது: நீங்கள் என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தச் சாமான் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். நீங்களே ஒரு பிராண்டு பேரைச் சொல்லி "அதைக் கொடுங்க" என்று வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே கடையில் பந்தாவாக பிராண்டு பேர் சொல்வதைவிட "1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முன் சக்கர பிரேக்குக்கு வேண்டும்" என்று கேட்டு, அதையே பில்லிலும் எழுதச் சொல்வது நல்லது. பிரிவு 15 இன்னும் சுலபம். விவரம் சொல்லி விற்றால் சாமான் அந்த விவரப்படி இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விஷயத்துக்குப் புத்தகத்தில் வரும் ஆங்கிலேய வழக்கே ஒரு ஹெரால்டு கார்தான்! பீல் எதிர் டெய்லர், 1967. 1961 மாடல் ஹெரால்டு கன்வர்டிபிள் என்று விளம்பரம் பார்த்து ஒருவர் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டும் 1961, முன்பாதி அதைவிடப் பழைய வேறொரு கார், இரண்டையும் வெட்டி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாது. வாங்கியவர் காரை நேரில் பார்த்துத்தான் வாங்கினார். இருந்தும் கோர்ட், விளம்பரத்தில் சொன்ன விவரப்படி கார் இல்லை, நஷ்ட ஈடு கொடு என்றது. பரீட்சைக்குப் படிக்கும்போது கொட்டாவி வந்த வழக்கு, மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஹெரால்டைப் பார்த்தபோது ஜீவன் பெற்றுவிட்டது. :-)

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சாமானை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்துபோக வேண்டாம். ஐந்து லட்சம் வரையிலான சரக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. ஆனால் இதற்கெல்லாம் வாசல் பில்தான். நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று மாமா அந்த வாசலைத் தன் கையாலேயே பூட்டிவிட்டார். பில் இல்லாத சாமான் திருட்டுச் சாமானாக இருந்தால் வரும் தலைவலி தனி.

சட்டம் போதும். கடைக்காரர் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் பக்கம் யாரும் பேசுவதில்லை.

ஒரு நல்ல கடைக்காரர் 20 வருடத்துக்கு முன் ஹெரால்டு வாட்டர் பம்ப் ஒன்றை 1,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தார் என்று வையுங்கள். அந்தப் பணத்துக்கு வருடம் 10 சதவீதம் வட்டிக்கு வட்டி போட்டால் இன்றைக்கு சுமார் 6,700 ரூபாய். கடை வாடகை, எலி, தூசி, இடம் மாற்றியபோது உடைந்தது எல்லாம் தனி. இவர் 7,000 சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "என்னண்ணே, பெட்டியில 1,200ன்னு எழுதியிருக்கீங்க!" என்று சண்டை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேகமாக ஓடும் சரக்கு, மெதுவாக ஓடும் சரக்கு, ஓடாத சரக்கு என்று பிரிப்பார்கள். ஓடாத சரக்கைத் தள்ளிவிடு என்பதுதான் பாடம். பாடத்தை ஒழுங்காகப் படித்த கடைக்காரர் அந்த பம்ப்பை எடை போட்டு காயலான் கடைக்குத் தள்ளியிருப்பார். தள்ளாமல் வைத்திருந்தாரே, அதற்குத்தான் அந்த விலை.

1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார், 2001இல் நோபல் பரிசும் வாங்கினார். மோசமான காரை அமெரிக்காவில் 'எலுமிச்சை' என்பார்களாம். எது நல்லது எது எலுமிச்சை என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல சரக்குக்காரனுக்குக் கட்டாது, அவன் கடையை மூடுவான். மிச்சம் இருப்பது எலுமிச்சை மட்டும். ஹெரால்டு பார்ட்ஸ் சந்தையில் நாம் பார்ப்பது இதேதான். எந்தக் கடை நல்ல கடை என்ற தகவலை நாமே மறைத்து வைத்தால், நல்ல கடைக்காரருக்கு நல்லவராக இருப்பதால் ஒரு பைசா லாபம் இல்லை.

மாமா இதற்குச் சொல்லும் பதில் லேசானது இல்லை. "மாப்ள, நீ ஊரெல்லாம் சொல்லிட்டேன்னா நாலு பேரு போயி நிப்பான். அந்தாளு விலைய ஏத்திருவாரு. இருக்கிற ரெண்டு செட்டும் போயிரும். அப்புறம் நான் எங்கிட்டுப் போறது?" உண்மைதான். இன்றைக்கு அலமாரியில் இருக்கும் இரண்டு செட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் மாமா ஜெயித்துவிடுவார். ஆனால் அந்த இரண்டு செட் தீர்ந்த பிறகு மூன்றாவது செட் எங்கிருந்து வரும்? யாராவது புதிதாகச் செய்தால்தான் உண்டு. புதிதாகச் செய்ய ஆர்டர் வேண்டும். ஒருவருக்காக அச்சு எடுத்து ரப்பர் வார்ப்பது முடியாத காரியம், இருபது பேர் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம். விலை ஏறும், கண்டிப்பாக ஏறும். ஏறாத விலைக்குக் கிடைக்காத சாமானை வைத்து என்ன செய்ய?

பிரிட்டனில் இதைத்தான் செய்தார்கள். பழைய அச்சுகளைக் காப்பாற்றி பாகங்கள் செய்ய 1975இலேயே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்று ஒரு அமைப்பு வந்தது. எஸ்.யூ கார்புரேட்டருக்கு இன்றும் சாலிஸ்பரியில் பர்லன் என்ற கம்பெனி புதிதாகவே பாகங்கள் செய்கிறது. ஹெரால்டின் சேஸி வம்சத்தில் வந்த ஸ்பிட்ஃபயர் கார் அங்கே 1980 வரை ஓடியதால் முன் சஸ்பென்ஷன் சாமான்களுக்கு இன்றும் ஆள் இருக்கிறது, அதில் மாமாவுக்கும் பிழைப்பு. இலங்கையில் மோரிஸ் மைனர் மேல் ஜனங்களுக்கு இருக்கும் பிரியம் தெரிந்ததுதானே. பிரிட்டனின் பாத் நகரத்தில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்லஸ் வேர், 1990களில் இலங்கையின் தெற்கே கூட்டு சேர்ந்து பட்டறை வைத்து, மைனருக்குப் பாகங்கள் செய்து சீமைக்கே அனுப்ப வைத்தார். கொழும்புப் பக்கம் முடிந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் முடியாதா?

அதற்காக சீமைச் சரக்கு என்றால் கண்ணை மூடி வாங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கேயும் புதிதாகச் செய்து வந்த டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர்களில் நடு ரிவெட் வழியாக மின்சாரம் ஒழுகி, சூடானதும் வண்டி நின்று பெயர் கெட்ட கதை இருக்கிறது. தபால் செலவு, சுங்கம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி வேறு. (2025 செப்டம்பரில் வாகன பாகங்களுக்கு ஜி.எஸ்.டி ஒரே சீராக 18 சதவீதம் ஆனது, அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. அந்த மட்டில் ஒரு கும்பிடு.) சின்னச் சாமானை ஒற்றையாக வரவழைத்தால் சாமானைவிட வண்டிச் சத்தம் அதிகம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மதுரை, தேனி, திண்டுக்கல்லில் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளுங்கள், ஐயா. ஒரே பார்சலில் பத்துப் பேர் சாமான் வரட்டும். மாமாவின் நாலு கதவுக்குப் பின்கதவுச் சாமான் பிரிட்டனில் கிடைக்காது, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு காரே இல்லை. அதை வைத்திருப்பது நம்மூரில் யாரோ ஒரு "ஃப்ரெண்டு"தான்.

கடைக்காரரைச் சோதிக்க எனக்கு மெக்கானிக் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று இருக்கிறது. ஹெரால்டின் முன் சக்கரத்தில், கீழே, டிரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. சக்கரம் திரும்புவதே அதன் மரையில்தான். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். நம்மாட்கள் முக்கால்வாசிப் பேர் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவார்கள். மரை காய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கடையில் போய் டிரன்னியன் கேளுங்கள். சாமானை எடுத்து வைத்துவிட்டு விலை மட்டும் சொன்னால் சும்மா வியாபாரி. "கிரீஸ் அடிச்சிராதீங்கண்ணே, ஆயில் ஊத்துங்க" என்று கேட்காமலே சொன்னால் அந்தக் கடையில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். "ஹெரால்டுக்கு இது சேருமான்னு தெரியல, பழசைக் கொண்டாங்க, பாத்துத் தரேன்" என்பவரும் தங்கமான மனுஷன். இல்லாததை இல்லை என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்தான் என் பட்டியலில் முதல் ஆள்.

பட்டியல் என்றேன் அல்லவா. கணவாய்ச் சம்பவத்துக்குப் பிறகு மாமாவின் காருக்கு ஒரு பின் கார்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஸ்டோர்ஸ் கணக்கில் ஒவ்வொரு சாமானுக்கும் தொங்கவிடும் அட்டை, அதேதான். சாமான், பாக நம்பர், கடை, பில் நம்பர், விலை, மாட்டிய தேதி, மீட்டரில் எத்தனை, கழற்றியபோது எத்தனை, ஏன் கழற்றினோம். மாமா முதலில் சிரித்தார். இப்போது பேனாவை அவரே தேடுகிறார். கடை பேர் எழுதும் கட்டத்தில் மட்டும் இன்னும் "ஃப்ரெண்டு" என்று எழுதுகிறார், அழித்துவிட்டு நான் எழுதுகிறேன்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு வின்டேஜ் பதிவு என்று கொண்டுவந்தது, வி.ஏ என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று வேறு இன்ஜினைத் தூக்கி வைத்தவர்களுக்குக் கதவு சாத்தியாச்சு. மாமாவுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டக் கூடாது. "சந்தைக்குப் போக முடியாத காரு எனக்கெதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் கட்சியும் நியாயம்தான்.

இப்போதைக்குத் தேவை: 1969 ஹெரால்டு நாலு கதவுக்கு இடது பின்கதவு கண்ணாடி ஏற்றும் மெக்கானிசம் ஒன்று, பின்கதவு ரப்பர் பீடிங் (புதிதாக வார்த்தது, பழைய பெட்டி வேண்டாம்) இரண்டு பக்கத்துக்கும், டிரன்னியன் ஒரு ஜோடி. யாரிடமாவது இருந்தால், அல்லது எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள். சொன்ன விலை கொடுக்கிறோம், பில் கட்டாயம் வேண்டும். பெட்டியில் எழுதிய விலையை வைத்து மாமா சண்டை போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.